அத்தியாயம் 4: எதைக் கைப்பேசியில், எதை அலமாரியில் தேடுவது

செம்பனைப் பூவுக்கு ஆள் வைத்து மகரந்தம் தூவிய காலம் ஒன்று இருந்தது. 1970களில் மலேசியத் தோட்டங்கள் பலவற்றில் அது அன்றாட வேலை. மரம் மரமாகப் போய், விரிந்திருக்கும் பெண் பூங்குலையைத் தேடிப் பிடித்து, டால்கம் தூளில் கலந்த மகரந்தத்தை அதன்மேல் ஊதிவிட வேண்டும். இன்று சபாக்கிலிருந்து கோலசிலாங்கூர் வரை சாலையோரம் பல இடங்களில் செம்பனைதான்; ஆனால் அந்த வேலைக்கென்று ஆள் அனுப்பும் மண்டோரைப் பார்க்க முடியாது. வேலை ஏன் நின்றது?

சபாக் பக்கத்துப் படிவம் ஐந்து மாணவி ஒருத்தி இந்தக் கேள்வியைப் பள்ளி அறிவியல் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டாள் என்று வைத்துக்கொள்வோம். பாட்டியிடம் கேட்கிறாள். "வண்டு கொண்டாந்து விட்டாங்கம்மா. அதுக்கப்புறம் எங்கள வேற வேலைக்கு மாத்திட்டாங்க" என்கிறார் பாட்டி. நல்ல சாட்சி. ஆனால் என்ன வண்டு, எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தது, எந்த ஆண்டு என்பதெல்லாம் பாட்டிக்குத் தெரிய வேண்டியதில்லை. அவற்றைத் தேடிப் பிடிப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. மாணவியின் பின்னாலேயே போவோம். இடையில் தென்னையை வெட்டிவிட்டுச் செம்பனை வைத்த சிறுதோட்டக்காரர் ஒருவரும் வருவார். அவருடைய கேள்வி வேறு, அவசரமும் வேறு.

முதலில் பெயர்

கைப்பேசியை எடுத்ததும் எல்லாரும் செய்வதையே மாணவியும் செய்வாள். "செம்பனை வண்டு" என்று தமிழில் தட்டுவாள். காண்டாமிருக வண்டு வரும், சிவப்புக் கூன்வண்டு வரும், அவற்றை ஒழிக்கும் மருந்துகளும் வரும். பெரும்பாலானவை தமிழ்நாட்டுத் தென்னை விவசாயிகளுக்காக எழுதியவை. அவற்றில் குற்றமில்லை, ஆனால் அந்த வண்டுகள் இரண்டும் மரத்தைக் கெடுக்கும் பூச்சிகள். பாட்டி சொன்ன வண்டு உதவிக்கு வந்தது. கவனிக்காமல் முதலில் கிடைத்த படத்தை வெட்டி ஒட்டினால், மகரந்தச் சேர்க்கை பற்றிய அட்டையில் குருத்தைத் தின்னும் வண்டு உட்கார்ந்திருக்கும்.

ஆகவே உயிரினம் எதைத் தேடினாலும் அதன் அறிவியல் பெயர் கைக்கு வரும்வரை வேறெதையும் தேடாதீர்கள். பெயரைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் எண்ணெய்ப்பனை பற்றிய பக்கத்துக்குப் போய், அங்கிருந்து மொழிப் பட்டியலில் ஆங்கிலத்தையோ மலாயையோ தொட்டால், அதே பொருளின் விரிவான பக்கம் வரும். அதில் மகரந்தச் சேர்க்கை பற்றிய பகுதியைப் படித்தால் எலைடோபியஸ் காமெருனிகஸ் என்ற பெயர் கிடைத்துவிடும். விக்கிப்பீடியாவை ஆதாரமாகக் காட்டக் கூடாது என்று ஆசிரியர்கள் சொல்வது சரிதான். பெயர் கேட்டுத் தெரிந்துகொள்ள அதைவிட வேகமான இடம் கிடையாது என்பதும் சரிதான். கிடைத்த பெயரை லத்தீன் எழுத்தில், எழுத்துப் பிசகாமல் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இனி எல்லாத் தேடலும் அந்த எழுத்துகளில்தான்.

சிறுதோட்டக்காரருக்கு இதே பாடம் வேறு வடிவில் வரும். அவருடைய மரங்கள் சில அடியில் அழுகுகின்றன. அடித்தண்டில் பழுப்பு நிறத்தில், விளிம்பு வெளுத்து, அலமாரித் தட்டுபோல் காளான் நீட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் யாரோ "கானோடெர்மா" என்று சொல்லிவிட்டார்கள். அதையே தட்டினால் அவர் முன்னால் வந்து நிற்பது லிங்சிக் காப்பி, லிங்சி மாத்திரை, லிங்சி சோப்பு. ஒரே பேரினத்தில் மருந்துக் கடைக்குப் போகும் காளானும் உண்டு, செம்பனையைச் சாய்க்கும் காளானும் உண்டு. முழுப் பெயர் வேண்டும்: கானோடெர்மா போனினென்ஸ். கூடவே நோயின் பெயரையும், அதாவது அடித்தண்டு அழுகல் என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும், சேர்த்துத் தேட வேண்டும். அப்போதுதான் வியாபாரிகள் விலகுவார்கள்.

கூகிளா, கூகிள் ஸ்காலரா

சாதாரணக் கூகிளில் எலைடோபியஸ் காமெருனிகஸ் என்று தேடினால் செய்திகள், நிறுவன விளம்பரங்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய கட்டுரைகள் எல்லாம் கலந்து வரும். கூகிள் ஸ்காலரில் அதையே தேடினால் பெரும்பாலும் ஆய்வுக் கட்டுரைகள். காசு கிடையாது, பதிவு செய்ய வேண்டியதும் இல்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் எத்தனை என்ற எண் இருக்கும். அந்த எண்ணைத் தொட்டால் பிற்காலத்துக்கு நகரலாம். கட்டுரையின் கடைசியில் உள்ள நூற்பட்டியலைப் பார்த்தால் முற்காலத்துக்கு நகரலாம். இரண்டு திசையும் தெரிந்தவருக்கு, நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தால் போதும்.

மாணவி பின்னோக்கிப் போகிறாள். பல கட்டுரைகளின் நூற்பட்டியலில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது: ஆர். ஏ. சையத். பாகிஸ்தானியப் பூச்சியியலாளர். செம்பனைக்குக் காற்றுதான் மகரந்தம் கொண்டுசேர்க்கிறது என்று நம்பியிருந்த காலத்தில், கேமரூனில் ஆள் வைத்துத் தூவாமலேயே காய் நன்றாகப் பிடிப்பது ஏன் என்று பார்க்கப் போனவர். 1979-இல் புல்லட்டின் ஆஃப் எண்டமாலஜிக்கல் ரிசர்ச் என்ற இதழில் அவருடைய கட்டுரை வந்தது. ஆப்பிரிக்காவில் அந்த வேலையைச் செய்பவை பூச்சிகள், அவற்றில் முக்கியமானவை எலைடோபியஸ் வண்டுகள். மலேசியாவில் அந்த வேலைக்கு இருந்தது சின்னஞ்சிறு இலைப்பேன் வகை ஒன்றுதான், அதுவும் போதாது. இதன் சுருக்கம் இணையத்தில் இலவசம். முழுக் கட்டுரையைத் திறக்கப் போனால் பணம் கேட்கும்.

இந்த இடத்தில் பலரும் சுருக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். சுருக்கம் முடிவைச் சொல்லும். எப்படி எண்ணினார்கள், எந்த மரத்தில், எந்த மாதத்தில், எது ஒத்துவரவில்லை என்பதைச் சொல்லாது. பள்ளித் திட்டத்துக்குச் சுருக்கம் போதும் என்பார் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. முறையைப் படிக்காதவர் முடிவை மனப்பாடம்தான் செய்ய முடியும். பணம் கட்டுவதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். ஸ்காலரில் அதே கட்டுரைக்கு வேறு பிரதிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்; சில நேரம் ஆசிரியரோ பல்கலைக்கழகமோ பிடிஎஃப் வைத்திருப்பார்கள். அதுவும் இல்லையென்றால் நூலக உறுப்பினர் அட்டையை எடுங்கள். அட்டையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இணையத்தில் பெயர் மட்டும் இருக்கும் கட்டுரை

வண்டு மலேசியாவுக்கு வந்த பிறகு என்ன நடந்தது என்பதைச் சொல்லும் கட்டுரை 1982-இல் வந்தது. சையத், லா, கோர்லி மூவரும் எழுதியது; வெளியிட்டது தி பிளாண்டர். தோட்ட அதிகாரிகளின் சங்கமான இன்கார்ப்பரேட்டட் சொசைட்டி ஆஃப் பிளாண்டர்ஸ் 1919-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டிலிருந்து வரும் அதன் மாத இதழ்தான் தி பிளாண்டர். மலாயாத் தோட்டங்களின் அறிவியலில் பாதி அந்த இதழின் பழைய தொகுதிகளில் கிடக்கிறது என்றால் மிகையில்லை. இணையத்தில் தேடினால் 1982 கட்டுரையின் தலைப்பு, தொகுதி 58, பக்கம் 547 முதல் 561 என்ற விவரம் நூறு இடத்தில் கிடைக்கும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது எளிதில் கிடைக்காது. எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்கத் தோன்றும்.

இப்படிப் பெயர் மட்டும் தெரிந்து உடல் தெரியாத கட்டுரை வந்தால், அங்கே நூலகத்துக்கான வேலை தொடங்குகிறது.

சிறுதோட்டக்காரருக்கும் இதே நிலைதான். வட சிலாங்கூர்க் கடலோரத்தில் தென்னை இருந்த நிலம் பல இடங்களில் செம்பனைக்கு மாறியது. அப்படி மாறிய நிலத்தில் அடித்தண்டு அழுகல் ஏன் அதிகம் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது. 1964-இலேயே நவரத்தினம் என்ற ஆய்வாளர், முன்பு தென்னை இருந்த தோட்டங்களில் இந்த நோய் பற்றித் தி பிளாண்டரில் எழுதியிருக்கிறார். மண்ணில் விட்டுவைத்த பழைய தென்னங்கட்டைகள் நோய்க்கு உறைவிடம் ஆகின்றன என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்த சேதி. சபாக்கில் நிலம் வைத்திருப்பவருக்கு அதைவிட நேரடியான தலைப்பு வேறு கிடையாது. ஆனால் அவர் கானோடெர்மா போனினென்ஸ் என்று மட்டும் தேடினால் அது அகப்படாமலே போகலாம். காரணம், அந்தக் காலத்தில் இந்தக் காளானைக் கானோடெர்மா லூசிடம் என்றுதான் குறித்தார்கள். 1931-இல் தாம்சன் மலாயாவின் செம்பனைத் தண்டழுகல் பற்றி விவசாய இலாகா வெளியீடாக எழுதியபோதும் அந்தப் பெயர்தான். போனினென்ஸ் என்று திருத்தியது பிற்காலம். ஆகவே பழையதைத் தேடும்போது பழைய பெயரையும் சேர்த்துத் தேட வேண்டும். லூசிடம் என்று கூகிளில் போட்டால் மறுபடியும் லிங்சிக் காப்பி வரும் என்பது வேறு விஷயம். நூலகப் பட்டியலில் அந்தத் தொல்லை இல்லை.

உயிரினத்தின் பெயர் மாறுவதுபோல இதழின் பெயரும் மாறும். ரப்பர் ஆய்வுக் கழகம் 1925-இல் ஏற்பட்டது. அதன் ஆய்விதழ் முதலில் கழகத்தின் பெயரையே தாங்கி வந்தது. பிறகு ஜர்னல் ஆஃப் நேச்சுரல் ரப்பர் ரிசர்ச் ஆனது. பிறகு ஜர்னல் ஆஃப் ரப்பர் ரிசர்ச். ஒரே இதழ்தான், ஆனால் அலமாரியில் மூன்று பெயரில் மூன்று இடத்தில் இருக்கலாம். செம்பனையில் போரிம் என்று 1979-இல் தொடங்கிய ஆய்வு நிறுவனம் 2000-இல் எம்பிஓபி ஆனது. அதன் பழைய இதழ் எலைஸ், இப்போதைய பெயர் ஜர்னல் ஆஃப் ஆயில் பாம் ரிசர்ச். முகப்பில் "இல்லை" என்று பதில் வந்தால், "முன்பு வேறு பெயரில் வந்ததா, புவான்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு நூலகரின் முகம் மாறுவதைப் பார்க்கலாம். அவர்களுக்குப் பிடித்த கேள்வி அது.

எந்த நூலகம்

சபாக்கிலிருந்து கோலாலம்பூர் நூறு கிலோமீட்டருக்கு மேல். பாங்கி இன்னும் தள்ளி. போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப முடியாத தூரம். அதனால் நூலகத்துக்குப் போகும் வேலையில் பாதியை வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியிலேயே முடித்துவிட வேண்டும்.

பக்கத்தில் உள்ள பொது நூலகத்திலிருந்து தொடங்குங்கள். சிலாங்கூர் பொது நூலகக் கழகத்தின் கிளைகளில் ஆய்விதழ் கிடைக்காது. பள்ளிப் பாடத்துக்கு மேற்பட்ட தாவரவியல், பூச்சியியல், வேளாண்மை நூல்கள் கிடைக்கும், பெரும்பாலும் மலாயில். டியூவி வகைப்பாட்டில் 632 பயிர் நோயும் பூச்சியும், 633-இல் எண்ணெய்ப் பயிர்கள் உட்பட வயல் பயிர்கள், 595.7 பூச்சிகள், 615.9 நச்சுப் பொருள்கள். இந்த நாலு எண்ணும் தெரிந்தால் யாரையும் கேட்காமல் நடக்கலாம். அதே கழகத்தின் பெரிய நூலகம் ஷா ஆலாம் 13-ஆம் பிரிவில் இருக்கும் ராஜா துன் ஊடா நூலகம்.

கோலாலம்பூரில் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்துக்குத் தனிச் சிறப்பு உண்டு. 1986-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூல்களும் இதழ்களும் அங்கே போய்ச் சேர வேண்டும். வேறெங்கும் இல்லாத சின்ன வெளியீடு அங்கே இருக்க வாய்ப்பு உண்டு. தி பிளாண்டர் போன்றவற்றின் பழைய தொகுதிகளுக்கு வேளாண்மைப் பின்னணி உள்ள நூலகங்களைத் தேடுங்கள்: செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் சுல்தான் அப்துல் சமாட் நூலகம், பாங்கியில் எம்பிஓபியின் நூலகம். மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தில் அறிவியலும் உண்டு, தமிழ் நூல்களும் உண்டு. பல்கலைக்கழகங்களில் டியூவி எண் செல்லாது. அங்கே எழுத்து வகைப்பாடு. எஸ் என்றால் வேளாண்மை, கியூ என்றால் அறிவியல், ஆர் என்றால் மருத்துவம்.

பெரும்பாலான நூலகங்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. வீட்டிலேயே அதில் தேடி, இதழின் பெயர், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை வைத்திருக்கிறார்கள், அலமாரி எண் என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். இதழ் இருக்கிறது என்று பட்டியல் சொன்னாலே 1982 தொகுதி இருக்கிறது என்று பொருளல்ல. நடுவில் சில ஆண்டுகள் விட்டுப்போயிருக்கும். பழைய தொகுதிகளைக் கிடங்கில் வைத்திருந்தால் முன்கூட்டியே எடுத்துவைக்கச் சொல்ல வேண்டியிருக்கும். பல்கலைக்கழகத்திலும் ஆய்வு நிறுவனத்திலும் வெளியாருக்கு அனுமதி முறை உண்டு, சில இடங்களில் கட்டணமும் உண்டு. மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். கட்டுரையின் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, தொகுதி, பக்கம் எல்லாம் சரியாக எழுதிக் கேட்டால், சில நேரம் பயணமே வேண்டியிருக்காது. நகல் எடுத்து அனுப்பும் சேவை பல நூலகங்களில் உண்டு. போவதானால் ஐசியை மறக்காதீர்கள்.

அலமாரியின் முன்னால் நிற்கும்போது

மாணவி ஒருநாள் அப்பாவோடு செர்டாங் போய்விட்டாள் என்று வைத்துக்கொள்வோம். 1982 தொகுதியை எடுத்தாகிவிட்டது. உடனே நகல் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். அந்தத் தொகுதியின் முன்னும் பின்னும் உள்ள இதழ்களைப் புரட்டட்டும். கூகிள் நீங்கள் கேட்டதைத்தான் கொடுக்கும். அலமாரி கேட்காததையும் கொடுக்கும். வண்டு வந்த பிறகு காய் அடர்த்தியாகி, குலையின் அமைப்பே மாறியது. அதனால் அறுவடையில், ஆலையில், ஆள் கணக்கில் எழுந்த பேச்சுகளைத் தேடும் சொல்லே நமக்குத் தெரியாது. பக்கம் புரட்டினால்தான் கண்ணில் படும்.

பக்கத்திலேயே ஹார்ட்லி எழுதிய தி ஆயில் பாம் என்ற தடித்த நூல் இருக்கும். முதல் பதிப்பு 1967. பிற்காலப் பதிப்புகளை எழுதியவர்கள் கோர்லியும் டிங்கரும். அந்தக் கோர்லி நம் 1982 கட்டுரையின் கோர்லியேதான். பழைய பதிப்பில் மகரந்தச் சேர்க்கைப் பகுதியையும் 2003-இல் வந்த நான்காம் பதிப்பில் அதே பகுதியையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், வண்டுக்கு முன்னும் வண்டுக்குப் பின்னும் அறிவியல் எப்படி மாறியது என்று தெரியும். இணையத்தில் புதியது பழையதை மூடிவிடும். நூலகத்தில் இரண்டும் ஒரே தட்டில் நிற்கும். பழைய பதிப்பைக் கழித்துக்கட்டும் நூலகங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

ஆண்டுக் குழப்பமும் இங்கே தெளியும். இணையப் பக்கங்களில் வண்டு மலேசியாவுக்கு வந்த ஆண்டு 1980 என்றும் 1981 என்றும் 1982 என்றும் இருக்கும். எல்லாரும் தப்பாக எழுதவில்லை. ஒரு பூச்சியை அயல்நாட்டிலிருந்து கொண்டுவருவது ஒரே நாள் சமாச்சாரம் அல்ல. கொண்டுவர வேண்டும், அடைத்துவைத்துப் பார்க்க வேண்டும், வேறு பயிரைத் தின்னுமா என்று சோதிக்க வேண்டும், பிறகு தோட்டத்தில் விட வேண்டும், பிறகு அது பரவ வேண்டும். தோட்டத்தில் விட்டது 1981 பிப்ரவரியில், ஜொகூரில் குளுவாங் பக்கம். மற்ற ஆண்டுகள் மற்ற கட்டங்களைக் குறிக்கலாம். இரண்டு இடத்தில் இரண்டு எண் வந்தால் எது பொய் என்று கேட்பதற்கு முன், இரண்டும் ஒரே காரியத்தைத்தான் சொல்கின்றனவா என்று பாருங்கள்.

கோலசிலாங்கூர்க்காரர்களுக்குத் தெரிந்த இன்னொரு குழப்பமும் இதே வகைதான். செம்பனையை மலாயாவில் வணிக நோக்கில் முதலில் நட்டது 1917-இல் தென்னமாரம் தோட்டத்தில் என்று ஒரு பக்கம் சொல்லும். 1911, 1912 என்று இன்னொரு பக்கம் சொல்லும். இரண்டுமே ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் துரையைப் பற்றியவை. முன்னது வணிகச் சாகுபடி. பின்னது ரந்தாவ் பாஞ்சாங்கில் அழகுக்கு வைத்த மரங்கள். அந்தத் துரை பிறகு நாவல் எழுதி 1930-இல் கோன்கூர் பரிசு வாங்கினார் என்பது அறிவியல் அல்ல, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

செர்டாங்கிலிருந்து திரும்பி வந்ததும் மாணவி ஒரு வேலை செய்யலாம். பூத்திருக்கும் ஆண் பூங்குலை கைக்கெட்டும் உயரத்தில் உள்ள இளமரம் ஒன்றைத் தோட்டக்காரரிடம் கேட்டுப் போய்ப் பார்க்கட்டும். பக்கத்தில் போனாலே சோம்பு வாசனை வரும். குலையின் விரல்களில் எள்ளைவிடச் சற்றுப் பெரிய கருத்த வண்டுகள் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கும். மூக்கு நீண்டு வளைந்திருக்கும். அந்த வாசனைதான் அவற்றை இழுக்கிறது. ஆண் பூவில்தான் அவை தின்று, முட்டையிட்டு வாழ்கின்றன. பெண் பூவும் அதே வாசனையை விடுவதால் ஏமாந்து அங்கேயும் போகின்றன. உடம்பில் ஒட்டிய தூள் அங்கே உதிர்கிறது. கட்டுரையில் படித்ததும் கண்ணால் பார்த்ததும் பொருந்தினால் திட்டத்துக்கு வேறென்ன வேண்டும்.

இணையம் ஜெயிக்கும் இடம்

எல்லாவற்றுக்கும் நூலகம் போகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். செம்பனை ஓலையைச் சல்லடையாக்கும் ஊலாட் புங்குஸ் சபாக் பக்கத்தில் வந்துவிட்டது என்றால், அலமாரியில் இருக்கும் 1968-ஆம் ஆண்டு நூலைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. எம்பிஓபியின் இணையத்தளத்தில் அந்தப் பூச்சிக்கான துண்டு வெளியீடுகள் இருக்கின்றன. பாம் ஆயிலிஸ் என்ற அவர்களுடைய தகவல் சேவையில் பழைய கட்டுரைகளையும் தேடலாம். ஜர்னல் ஆஃப் ஆயில் பாம் ரிசர்ச் முழுக்க இலவசம். ஊலாட் புங்குஸின் அறிவியல் பெயரான மெத்திசா பிளானா என்று தேடினால் பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் கிருமியைத் தெளித்துக் கட்டுப்படுத்திய ஆய்வுகள் வரும். 2013-இல் அந்தப் பூச்சியை அரசாங்கம் அபாயகரமான பூச்சி என்று அரசிதழில் அறிவித்தது. அதன்பிறகு தோட்டக்காரருக்குக் கடமையும் உண்டு என்பதைப் பழைய நூல் சொல்லாது.

மலேசிய ஆய்விதழ்கள் பலவற்றை மைஜுர்னல் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வண்டு வந்து நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் காய்ப்பிடிப்பு சில இடங்களில் குறைவது ஏன் என்ற அண்மைக்கால ஆய்வுகளும் இணையத்தில்தான் முதலில் கிடைக்கும். மருத்துவம், நச்சியல் சார்ந்த கேள்விக்குப் பப்மெட்.

மருந்து, சட்டம் இரண்டிலும் இணையப் பக்கத்தின் தேதியைப் பார்க்காமல் ஒரு வரியும் நம்பாதீர்கள். பாராகுவாட் நல்ல உதாரணம். 2002-இல் மலேசியா அதைத் தடை செய்தது. 2006-இல் தடையைத் தளர்த்தியது. 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை. 2007-இல் எழுதிய பக்கம் அதைப் பயன்படுத்தலாம் என்று சொல்லும். அன்றைக்கு அது உண்மை. அதை இன்று படித்துவிட்டுக் கொல்லையில் மிச்சமிருக்கும் டின்னைத் திறப்பவருக்குத்தான் ஆபத்து. தமிழில் எழுதிய வேளாண் பக்கங்களில் இன்னொரு சிக்கல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தளம் அருமையானது. தமிழில் அதற்கு இணை குறைவு. ஆனால் அது பரிந்துரைக்கும் மருந்து இந்தியாவில் பதிவானது. இங்கே 1974-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவாகியிருக்கிறதா என்பது தனிக் கேள்வி. பூச்சியின் வாழ்க்கையை அங்கே படியுங்கள். மருந்தின் பெயரை இங்கே சரிபாருங்கள்.

சாட்ஜிபிடி போன்றவற்றைப் பற்றியும் கேட்பீர்கள். கடினமான ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் விளக்கச் சொல்ல அவை உதவும். நூற்பட்டியல் மட்டும் கேட்காதீர்கள். ஆசிரியர், தலைப்பு, தொகுதி, பக்கம் எல்லாம் அச்சடித்ததுபோல் வரும்; தேடிப் போனால் சில நேரம் அப்படி ஒரு கட்டுரையே இருக்காது. கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், வந்த ஒவ்வொரு தலைப்பையும் ஸ்காலரிலோ நூலகப் பட்டியலிலோ போட்டுப் பாருங்கள். இரண்டிலும் அகப்படாததை அடித்துவிடுங்கள்.

மினுங்கும் பூச்சிகள் பற்றி ஒரு வார்த்தை. கம்போங் குவாந்தானில் படகில் போய்ப் பார்க்கும் மின்மினியைப் பற்றிச் சுற்றுலாப் பக்கங்கள் எழுதாததில்லை. உலகில் எத்தனையாவது பெரிய கூட்டம் என்பதில் மட்டும் ஒருவருக்கொருவர் ஒத்துப்போக மாட்டார்கள். டெரோப்டிக்ஸ் டெனெர் என்ற அதன் அறிவியல் பெயரைத் தேடினால் வன ஆய்வுக் கழகத்தாரின் கட்டுரைகள் வரும். பெரெம்பாங் மரத்தில் மினுங்குவது வளர்ந்த பூச்சி; அதன் புழு ஆற்றங்கரைக்கு உள்ளே தரையில் நத்தை தின்று வளர்கிறது. மரத்தை மட்டும் காத்தால் போதாது, பின்னால் இருக்கும் நிலத்தையும் காக்க வேண்டும் என்பது சுற்றுலாப் பக்கத்தில் வராத சேதி.

உறுப்பினர் அட்டை

நூலகமா இணையமா என்று இதுவரை பிரித்துப் பேசியதற்கு இங்கே ஒரு திருத்தம். பணம் கேட்கும் ஆய்விதழ்களுக்கும் தரவுத்தளங்களுக்கும் சந்தா கட்டுவது நூலகங்கள்தான். தேசிய நூலகத்தின் யூ-புஸ்தாகா சேவையில் உறுப்பினராகிவிட்டால், அது சந்தா கட்டியிருக்கும் தரவுத்தளங்களைச் சபாக்கில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் அண்ணனோ அக்காவோ இருந்தால், அவர்கள் நூலகத்தில் என்னென்ன இதழ்கள் திறக்கின்றன என்று கேட்டுவையுங்கள். தேவையான கட்டுரையை அவர்களே எடுத்துப் படித்துக் குறிப்புச் சொல்லலாம். கடவுச்சொல்லை மட்டும் வாங்காதீர்கள், அது அவர்களுக்குத்தான் வம்பு.

கடைசியாக நகல் எடுக்கும் முறை. கைப்பேசியில் படம் எடுப்பதானால் முதல் படம் தொகுதியின் முகப்புப் பக்கம். இதழின் பெயர், ஆண்டு, தொகுதி எண் தெரிய வேண்டும். இரண்டாவது பொருளடக்கம். பிறகு கட்டுரை, ஒவ்வொரு பக்கத்திலும் பக்க எண் விழும்படி. அட்டவணைகளின் கீழே பொடி எழுத்தில் உள்ள குறிப்புகளையும் விடாதீர்கள். எத்தனை மரம், எத்தனை மாதம் என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கட்டுரையின் நூற்பட்டியல் அடுத்த பக்கத்துக்கு ஓடியிருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள். நூலகத்தை விட்டு இறங்குவதற்கு முன் எல்லாப் படமும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். கோப்புக்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் சேர்த்துப் பெயர் வையுங்கள்: சையத்-1982, நவரத்தினம்-1964.